தீயணைப்பு வண்டி, மீட்பு வண்டி: வாராந்தரச் சோதனையை எந்த வரிசையில் செய்வது?

சிங்கப்பூரின் துவாஸ், ஜூரோங் பக்கம் தொழிற்சாலைகளில் செர்ட் குழுவில், அதாவது நிறுவனத்தின் சொந்த அவசர உதவிக் குழுவில், புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக எழுதுகிறேன். வெல்டராகவோ ஸ்டோர் கீப்பராகவோ வேலை பார்த்துக்கொண்டே, மணி அடித்தால் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ஓடுகிறவர்கள் நாம். கையில் இருப்பது பெரும்பாலும் இரண்டே வண்டி: தண்ணீர் டாங்கும் பம்பும் உள்ள சின்னத் தீயணைப்பு வண்டி ஒன்று, மூச்சுக்கருவியும் வெட்டும் கருவிகளும் ஏற்றிய மீட்பு வண்டி ஒன்று.

வாராந்தரச் சோதனையில் என்னென்ன பார்க்க வேண்டும் என்பது செக்லிஸ்ட்டில் அச்சாகியே இருக்கும். எதை முதலில், எதைக் கடைசியில் என்பதுதான் அதில் இருக்காது. புதியவர்கள் தடுக்கி விழுவதும் அங்கேதான். எஞ்சினை ஓட்டிய பிறகு ஆயில் பார்ப்பார்கள், பம்பில் தண்ணீர் விட்ட பிறகு வேக்குவம் (காற்றை இழுத்து உண்டாக்கும் வெற்றிடம்) சோதிப்பார்கள். இரண்டுமே பொய்யான முடிவைத் தரும்.

1. வண்டியைத் தொடும் முன்

கண்ட்ரோல் ரூமுக்குச் சொல்லுங்கள். "ஃபயர் வண்டி சோதனையில் இருக்கிறது, மீட்பு வண்டி தயாராக இருக்கிறது" என்று எந்த வண்டி எந்த நிலையில் என்பதைப் பிரித்துச் சொல்ல வேண்டும். டாங்க் காலியாக இருக்கும் நேரத்தில் அலாரம் அடித்தால், அவர்கள் அந்த வண்டியை நம்பித் திட்டம் போடக் கூடாது. இரண்டு வண்டியையும் ஒரே நேரத்தில் பிரித்துப் போடவே கூடாது.

காலையிலேயே தொடங்குவது நல்லது. மதியத்துக்கு மேல் இடி மின்னல் வந்து "கேட் 1" (கேட்டகரி 1) என்ற மின்னல் எச்சரிக்கையை அறிவித்துவிட்டால் வெளியே நிற்க முடியாது. பாதி சோதித்த வண்டி, பம்ப் காலியாக, ஹோஸ் தரையில் கிடக்க, அப்படியே நின்றுவிடும்.

முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை: டயர் கேஜ், டார்ச், துணி, உதிரி வாஷர்கள், குறையுள்ள பொருளில் கட்டும் சிவப்பு அட்டைகள், பேனா. பாதியில் ஸ்டோருக்கு ஓடுகிறவர் திரும்பி வரும்போது எங்கே விட்டோம் என்பதை மறந்திருப்பார். ஆள் குறைந்தது இருவர். பம்ப் பேனலில் ஒருவர், ஹோஸின் முனையிலுள்ள நாசிலில் ஒருவர். தண்ணீர்ச் சோதனையைத் தனியாகச் செய்ய முயலாதீர்கள்.

யார் ஓட்டுவது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். சிங்கப்பூரில் கிளாஸ் 3 லைசென்ஸில் வெற்று எடை 2,500 கிலோ வரையுள்ள லாரியைத்தான் ஓட்டலாம். அதற்கு மேல் கிளாஸ் 4 வேண்டும். வளாகத்துக்குள்தானே என்று யாரும் ஸ்டியரிங்கைப் பிடிக்க விடாதீர்கள். தண்ணீர் ஏற்றிய வண்டி வளைவில் காட்டும் குணமே வேறு.

2. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே பார்க்க வேண்டியவை

சாவியைத் திருகும் முன் வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். இரவெல்லாம் சொட்டியது தரையில் தெரியும். வண்டியை நகர்த்திவிட்டால் அந்தச் சாட்சி போய்விடும். தண்ணீரா, டீசலா, ஹைட்ராலிக் ஆயிலா என்பதை விரலில் தொட்டுப் பாருங்கள்.

அடுத்து எஞ்சின் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில். ஓடி நின்ற எஞ்சினில் ஆயில் இன்னும் மேலேயே தங்கியிருக்கும், குச்சி குறைவாகக் காட்டும். அதை நம்பி மேலும் ஊற்றினால் அளவு கூடிவிடும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

டயர்களில் நேரம் செலவழியுங்கள். நம் வண்டி ஓடித் தேய்வதைவிட நின்றே கெடும். முழு எடையோடு ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நிற்பதால் பட்டன் ஆழமாக இருந்தாலும் பக்கச் சுவரில் வெடிப்பு வந்திருக்கும். டயர் ஓரத்தில் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ஏழு ஆண்டு தாண்டியதை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள். பின்னால் இரட்டைச் சக்கரம் இருந்தால் உள் டயரைக் கேஜ் வைத்தே பார்க்க வேண்டும். கம்பியால் தட்டிப் பார்த்துத் தலையாட்டுவது சோதனையில் சேராது.

பேட்டரியில் சார்ஜரைக் கழற்றிய பிறகு அளவு பாருங்கள். சார்ஜர் மாட்டியிருக்கும்போது செத்த பேட்டரிகூட உயிரோடு இருப்பதாகக் காட்டும். 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். 12.2 என்றால் பாதிதான் மிச்சம்.

டீசல் முக்கால் டாங்குக்குக் கீழே இறங்க விடாதீர்கள். வண்டி நகராமல் நின்றாலும் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும், அதற்கும் இதே டீசல்தான்.

3. ஸ்டார்ட் செய்த பிறகு

இதைச் சுருக்கமாக முடிக்கலாம். கதவைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள், புகை வெளியே போக வேண்டும். ஏர் பிரேக் வண்டியென்றால் காற்றழுத்தம் ஏறும்வரை காத்திருங்கள். பிறகு எஞ்சினை நிறுத்தி, எங்காவது உஸ் என்று கசிகிறதா என்று கேளுங்கள்.

விளக்கு, சைரன், ரிவர்ஸ் ஒலி, வைப்பர் எல்லாவற்றையும் ஒருவர் உள்ளேயிருந்து போட, மற்றவர் வெளியே நின்று பார்க்க வேண்டும். சைரனுக்கு முன் கார்டு ஹவுஸுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் பாதிப் பேர் அசெம்பிளி பாயின்ட்டில் வந்து நிற்பார்கள்.

தண்ணீர் டாங்க் நிறைந்திருக்கிறதா என்று மூடியைத் திறந்து கண்ணால் பாருங்கள், கேஜை மட்டும் நம்ப வேண்டாம். 1,000 லிட்டர் தண்ணீர் என்றால் ஒரு டன் எடை. அரை டாங்கோடு ஓட்டினால் அந்த எடை உள்ளே அலை அடித்து, வளைவில் வண்டியையே இழுக்கும். நிறைத்து ஓட்டுங்கள், அல்லது முழுதாக வடித்துவிட்டு ஓட்டுங்கள்.

4. வேக்குவம் சோதனை: தண்ணீர் விடும் முன்

நம் வண்டிகளில் இருக்கும் சென்ட்ரிஃபியூகல் பம்புக்குக் காற்றைத் தள்ளத் தெரியாது. திறந்த தொட்டியிலிருந்து தண்ணீரை உறிஞ்ச வேண்டுமென்றால் பிரைமர் என்ற சின்னத் துணைப் பம்ப், பெரிய பம்புக்குள் இருக்கும் காற்றை முதலில் வெளியேற்ற வேண்டும். அதன் பிறகு வளிமண்டல அழுத்தம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. கணக்குப்படி கடல் மட்டத்தில் 10.3 மீட்டர், நடைமுறையில் ஏழு மீட்டருக்குச் சற்று மேல். எங்காவது சிறு கசிவு இருந்தால் அதுவும் கிடைக்காது.

இந்தச் சோதனையைத் தண்ணீர்ச் சோதனைக்கு முன்பே செய்ய வேண்டும். நனைந்த வாஷரும் சீலும் சற்று நேரத்துக்குக் கசிவை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் விட்ட பிறகு செய்தால் பழுதான பம்பும் தேறிவிடும்.

வரிசை இது. ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்குக் கட்டை, கியர் நியூட்ரல். டாங்கிலிருந்து பம்புக்கு வரும் வால்வை மூடுங்கள். டிரெயின் வால்வுகளைத் திறந்து சொட்டு நிற்கும்வரை வடியுங்கள், பிறகு மூடுங்கள். தண்ணீரை உறிஞ்சும் சக்ஷன் வாய்க்கு வாஷரோடு மூடி போடுங்கள். தண்ணீர் வெளியேறும் டெலிவரி வால்வுகள் மூடியிருக்கட்டும், ஆனால் அவற்றின் முனையிலுள்ள மூடிகளைக் கழற்றிவிடுங்கள். இதைத்தான் புதியவர்கள் மறக்கிறார்கள். முனை மூடி இருந்தால் உள்ளே வால்வு கசிவது வெளியே தெரியாமல் மறைந்துவிடும்.

இப்போது பிரைமரை ஓட்டுங்கள். கேஜ் 0.75 பார் (பார் என்பது அழுத்த அளவு) வேக்குவம் காட்டியதும் நிறுத்துங்கள். சின்ன பம்பில் 30 விநாடிக்குள் அந்த அளவு வர வேண்டும். வரவில்லையென்றால் பிடித்த பிடியாகப் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்காதீர்கள், மோட்டார் கருகும். நிறுத்தி, எந்த டிரெயின் திறந்திருக்கிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் அதுதான்.

எஞ்சினை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் கேஜைப் பாருங்கள். அமெரிக்கத் தீப் பாதுகாப்புச் சங்கமான என்.எஃப்.பி.ஏ.யின் அளவுகோல்படி இந்த ஐந்து நிமிடத்தில் சுமார் 0.34 பாருக்கு மேல் இறங்கக் கூடாது. உங்கள் பம்பின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் கையேடு சொல்வதே முடிவு. எஞ்சின் சத்தம் இல்லாத அந்த நேரத்தில் பம்ப் பக்கத்தில் காதை வைத்தால் கசியும் இடம் மெல்லிய சீட்டி ஒலியாகவே கேட்கும்.

சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவைத் தேட நினைக்காதீர்கள். உள்ளே வேக்குவம் இருப்பதால் சோப்புத் தண்ணீர் உள்ளே போகும், குமிழி வராது. சந்தேகமான இடத்தைச் சாக்கட்டியால் குறித்து வைத்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள். தண்ணீர் அழுத்தத்தில் அதே இடம் தானாகவே சொட்டிக் காட்டும்.

5. தண்ணீர்ச் சோதனை

வளாகத்துக்குள் இருக்கும் ஹைட்ரன்ட்டை (தீயணைப்புக்கான தண்ணீர்க் குழாய்) மட்டும் பயன்படுத்துங்கள். சாலையோர ஹைட்ரன்ட்டில் அனுமதியில்லாமல் தண்ணீர் எடுப்பது குற்றம்.

ஹோஸ் மாட்டும் முன் ஹைட்ரன்ட்டைத் தனியாகத் திறந்து கொஞ்சம் தண்ணீரை ஓட விடுங்கள். பயன்படுத்தாத குழாயில் துரு, மணல், சில நேரம் கல்கூட வரும். முதலில் வரும் அந்தக் காவித் தண்ணீர் பம்புக்குள் போனால் நாசில் அடைத்துக்கொள்ளும். வால்வை மெதுவாக, முழுவதும் திறந்து, கால் சுற்று திருப்பி வைக்க வேண்டும். முழுக்க முறுக்கி வைத்தால் அடுத்து வருகிறவருக்கு அது திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்றே தெரியாது.

இங்கே நாம் பயன்படுத்தும் 64 மி.மீ. தட்டி மாட்டும் கப்ளிங்கில் (இணைப்பு முனை) ஹைட்ரன்ட்டின் வாயும் பம்பின் டெலிவரி வாயும் பெண் முனை, அதாவது மற்ற முனையை உள்வாங்கும் முனை. அதனால் ஹோஸின் ஆண் முனை எப்போதும் தண்ணீர் வரும் பக்கம், பெண் முனை நாசில் பக்கம். ஹோஸை உருட்டி விரிக்கும்போதே இதை நினைவில் வையுங்கள். தலைகீழாக விரித்துவிட்டு மறுமுனைக்கு ஓடுகிற காட்சியை ஒவ்வொரு புதிய குழுவிலும் பார்க்கலாம்.

டாங்க் வால்வைத் திறந்து, பம்பில் தண்ணீர் நிறைந்ததும் எஞ்சின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். 7 பார் போதும். நாசில் பிடிப்பவர் முன்காலை மடக்கி, ஹோஸை இடுப்போடு அணைத்து நிற்க வேண்டும். 20 மி.மீ. நாசிலில் 7 பார் அழுத்தத்தில் பின்னோக்கித் தள்ளும் விசை சுமார் 45 கிலோ எடைக்குச் சமம். 12.5 மி.மீ. நாசிலில் அது 18 கிலோவுக்குள். புதியவரிடம் முதல் நாளே பெரிய நாசிலைக் கொடுக்காதீர்கள்.

இதே நேரத்தில் ஒரு கணக்கையும் அவர்களுக்குக் காட்டுங்கள். 20 மி.மீ. நாசில் 7 பாரில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 700 லிட்டர் உமிழும். 1,000 லிட்டர் டாங்க் ஒன்றரை நிமிடத்துக்குக்கூடத் தாங்காது. 12.5 மி.மீ. என்றால் நிமிடத்துக்கு 275 லிட்டர், மூன்றரை நிமிடம் கிடைக்கும். வண்டியிலிருக்கும் தண்ணீர் ஹைட்ரன்ட்டை இணைக்கும்வரை காலம் தள்ள மட்டுமே என்பதை வாயால் எத்தனை முறை சொன்னாலும் ஏறாது. டாங்க் காலியாகும்போது பம்ப் சத்தம் மாறுவதைக் கேட்டால் ஏறும்.

அந்தச் சத்தத்தைப் பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள். உள்ளே ஜல்லி உருள்வதுபோல் ஒலித்தால் பம்புக்கு வரும் தண்ணீரைவிட அதிகமாக நாம் கேட்கிறோம் என்று பொருள். உடனே வேகத்தைக் குறையுங்கள். அழுத்தம் போதவில்லையே என்று மேலும் ஆக்சிலரேட்டரை ஏற்றுவது பம்புக்குள் சுழலும் சக்கரமான இம்பெல்லரைத் தின்னும்.

இன்னொன்று, நாசிலை மூடிவிட்டுப் பேசிக்கொண்டு நிற்காதீர்கள். தண்ணீர் வெளியேறாமல் பம்ப் சுற்றினால் உள்ளே இருக்கும் அதே தண்ணீர் சூடாகிக்கொண்டே போகும். பம்ப் உடலை அடிக்கடி கையால் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால், டாங்குக்குத் திரும்பும் வால்வைக் கொஞ்சம் திறந்து சுழல விடுங்கள். நாசில் பிடித்திருப்பவருக்குச் சொல்லாமல் டெலிவரியைத் திறந்தால் கொதிநீர் அவரிடம் போகும்.

மூடுவதும் மெதுவாகத்தான். வேகமாக மூடினால் ஓடிவந்த தண்ணீர் முட்டி, அந்த அதிர்ச்சி ஹோஸையும் பம்பையும் குழாயையும் அடிக்கும். முதலில் எஞ்சின் வேகம் இறங்கட்டும், பிறகு நாசில், பிறகு ஹைட்ரன்ட்.

முடிந்ததும் பம்பை வடித்து வைப்பதா, நிறைத்து வைப்பதா? நம் ஊரில் தண்ணீர் உறையும் பயம் இல்லாததால் இரண்டு வழக்கமும் உண்டு. நான் வடித்து வைக்கும் கட்சி. துவாஸ் கடற்காற்றில் இருக்கிற துரு போதும். எதுவாக இருந்தாலும் எல்லா ஷிஃப்ட்டும் ஒரே வழக்கத்தைப் பிடியுங்கள். டிரெயினை மூடினீர்களா என்று ஒருமுறை, டாங்கை மறுபடி நிறைத்தீர்களா என்று ஒருமுறை, விரலால் தொட்டுப் பாருங்கள்.

6. நுரை

எண்ணெய்த் தீ உள்ள இடத்துக்கு நுரை இல்லாமல் போகிற வண்டி பாதி வண்டி. 3 சதவீத நுரைத் திரவம் என்றால் 97 லிட்டர் தண்ணீருக்கு 3 லிட்டர். நிமிடத்துக்கு 450 லிட்டர் போகும் நுரை நாசிலில் அது நிமிடத்துக்கு 13.5 லிட்டர். 25 லிட்டர் கேன் ஒன்று இரண்டு நிமிடத்துக்கும் குறைவாகவே வரும். எத்தனை கேன் இருக்கிறது என்று எண்ணுவதைவிட எத்தனை நிமிடம் இருக்கிறது என்று எழுதுங்கள்.

இரண்டு வகை நுரையை ஒரே டாங்கில் கலக்காதீர்கள். ஆல்கஹால் போன்ற தண்ணீரில் கரையும் திரவங்களுக்கான நுரை வேறு, சாதாரண எண்ணெய்க்கான நுரை வேறு. கலந்தால் கூழாகி அடைத்துக்கொள்ளக்கூடும். கேனின் லேபிளைப் படித்து, டாங்கின் மேலிருக்கும் பெயரோடு ஒப்பிட்ட பிறகே மூடியைத் திறக்க வேண்டும்.

ஒவ்வொரு வாரமும் நுரை அடித்துப் பார்க்கத் தேவையில்லை. வால்வு அசைகிறதா, உறிஞ்சு குழாய் அடைக்கவில்லையா என்று பார்த்தால் போதும். அடித்துப் பார்க்கும் நாளில் அந்தக் கழிவை மழைநீர்க் கால்வாயில் விடவே கூடாது. சேகரித்துக் கழிவு நிறுவனத்திடம் கொடுக்க ஏற்பாடு இருந்தால் மட்டும் செய்யுங்கள். பிறகு நல்ல தண்ணீரால் குழாய்களை அலசுங்கள், நுரைத் திரவம் தங்கினால் உலோகத்தை அரிக்கும்.

7. ஹோஸும் கப்ளிங்கும்

பம்புக்குப் பிறகு ஹோஸ் பார்ப்பதற்குக் காரணம், நனைந்தவை தனியாகப் பிரிந்துவிடும். நனைந்த ஹோஸை அப்படியே சுருட்டி லாக்கரில் வைத்தால் இந்தச் சூட்டில் சில நாளிலேயே பூஞ்சணம் பிடிக்கும். காய வைத்தது மட்டும் உள்ளே போக வேண்டும். காயும்வரை உதிரி ஹோஸ் வண்டியில் இருக்கட்டும்.

ஒவ்வொரு பெண் முனைக்குள்ளும் விரலை விட்டு வாஷரைச் சுற்றித் தடவுங்கள். நல்ல வாஷர் சற்றே ஒட்டும், நகத்தால் அழுத்தினால் மீண்டு வரும். கெட்டது கட்டியாகி, வளைத்தால் ஓரத்தில் மயிரிழை வெடிப்புகள் திறக்கும். வாஷர் இல்லவே இல்லாமல் வெறும் வளையம் மட்டும் இருக்கும் முனையும் அவ்வப்போது கையில் தட்டுப்படும். பார்வைக்கு அது முழு ஹோஸ்தான். தண்ணீர் விட்டால் நாசில் பக்கத்தில் மழை பெய்யும்.

புதிய தம்பி ஒருவரோடு நடக்கும் பேச்சு ஏறக்குறைய எப்போதும் இப்படித்தான்:

"அண்ணே, நேத்து நைட் ஷிஃப்ட்டுல இதெல்லாம் பாத்துட்டாங்களாம்."

"யாரு சொன்னா?"

"பேப்பர்ல டிக் இருக்கு."

"டிக்குக்கு வாஷர் இருக்கான்னு தெரியாது தம்பி. விரலை விடு."

ஹோஸை மடித்த அதே கோட்டில் திரும்பத் திரும்ப மடிக்காதீர்கள். மடிப்பு விழும் இடம்தான் முதலில் கிழியும், அதனால் சில அங்குலம் தள்ளி மடிக்க வேண்டும். முதலில் இழுக்க வேண்டிய ஹோஸை நடுவில் மடித்துச் சுருட்டினால் இரண்டு கப்ளிங்கும் வெளிப்பக்கம் வரும், ஒரே தள்ளலில் விரியும்.

8. மூச்சுக்கருவி

இனி மீட்பு வண்டி. ஃபயர் வண்டி தயார் என்று கண்ட்ரோல் ரூமுக்குச் சொன்ன பிறகே இதைத் தொட வேண்டும்.

மூச்சுக்கருவியை முதலில் பார்ப்பதற்குக் காரணம், குறை கண்டுபிடித்தால் காற்று உருளையை நிரப்பவோ மாற்றவோ நேரம் பிடிக்கும். உருளை வால்வைத் திறந்து கேஜைப் பாருங்கள். பிறகு வால்வை மூடிவிட்டு ஒரு நிமிடம் காத்திருங்கள். ஒரு நிமிடத்தில் 10 பாருக்கு மேல் இறங்கினால் எங்கோ கசிவு. அடுத்து காற்றை மெதுவாக வெளியேற்றினால் 55 பார் அளவில், காற்று குறைந்ததை எச்சரிக்கும் விசில் அடிக்க வேண்டும். அடிக்கவில்லையென்றால் அந்தக் கருவிக்குச் சிவப்பு அட்டை, பேச்சே இல்லை.

புதியவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுங்கள். 6.8 லிட்டர் உருளை 300 பாரில் சுமார் 2,040 லிட்டர் காற்று. விசில் அடிக்கும்வரை கையில் இருப்பது ஏறக்குறைய 1,660 லிட்டர். நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று கணக்கிட்டால் 41 நிமிடம். ஆளைத் தூக்கிக்கொண்டு படி இறங்கும்போது யாரும் 40 லிட்டரோடு நிற்பதில்லை. பயம் சேர்ந்தால் இன்னும் அதிகம். "முப்பது நிமிடத்துக்குமேல் தாங்கும்" என்று நினைத்து உள்ளே போகக் கூடாது.

முகமூடியின் கண்ணாடி, பட்டை, ரப்பர் ஓரம் பாருங்கள். தாடி வளர்த்தவர் அணிந்தால் ஓரம் ஒட்டாது. விடுமுறை முடிந்து வருகிறவர்களிடம் இதைக் கேட்டே ஆக வேண்டும். உருளையில் பொறித்த சோதனைத் தேதி தாண்டியிருந்தால் நிறைந்திருந்தாலும் அது பயன்படாது.

வாயுமானியை வெளியே, காற்றோட்டமான இடத்தில் ஆன் செய்யுங்கள். ஷெட்டுக்குள் எஞ்சின் ஓடும்போது ஆன் செய்தால், புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடையே சுத்தக் காற்று என்று எடுத்துக்கொண்டு பூஜ்யம் போட்டுவிடும். ஆக்ஸிஜன் 20.9 சதவீதம் காட்ட வேண்டும்.

9. மீட்புக் கருவிகள்

ஹைட்ராலிக் கட்டர், ஸ்பிரெடர் (நெம்பி விரிக்கும் கருவி) இரண்டையும் ஒருமுறை முழுதாகத் திறந்து மூடிப் பாருங்கள். இவை 700 பார் அளவு அழுத்தத்தில் வேலை செய்பவை. ஹோஸில் சின்னக் கீறல் இருந்தாலும் கையால் தடவித் தேடாதீர்கள், தோலுக்குள் ஆயில் பாய்ந்துவிடும். வைக்கும்போது வாயை இறுக மூடாமல் சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டு வையுங்கள். இறுக மூடினால் வெயிலில் ஆயில் விரியும்போது அழுத்தம் உள்ளேயே தங்கிவிடும், அடுத்த முறை கப்ளிங் மாட்ட முடியாமல் தவிப்பீர்கள். பேட்டரியில் ஓடும் வகையென்றால் உதிரி பேட்டரியும் சார்ஜில் இருக்க வேண்டும்.

வெட்டும் சக்கரங்களுக்குக் காலாவதித் தேதி உண்டு என்பது பலருக்குத் தெரியாது. அவற்றைப் பெட்ரோல் கேனோடு ஒரே லாக்கரில் வைக்காதீர்கள், ஆவி பட்டு ரெசின் பலவீனமாகும். சுற்றும் வேகத்தில் சக்கரம் உடைந்து பறப்பதற்கு அதுவே போதும். ஆயில் கலந்து வைத்த பெட்ரோலும் பழையதானால் மாற்றுங்கள். எஞ்சின் அறுவை இயந்திரம் அவசர நேரத்தில் மூச்சுத் திணறுவது பெரும்பாலும் இதனால்தான்.

கயிறும் லிஃப்டிங் பெல்ட்டும் தனிக் கதை. பராமரிப்புக் குழுவினர் "அஞ்சு நிமிஷம் கொடுங்க பாஸ்" என்று வாங்கிப் போவார்கள். பெட்டியைத் தூக்கப் போன பெல்ட் திரும்பி வந்தால், மனிதரைத் தூக்கும் வேலைக்கு அதை மறுபடி சேர்க்காதீர்கள். என்ன சுமை ஏறியது, எந்த விளிம்பில் உரசியது என்று யாருக்கும் தெரியாது. கேட்பவருக்குக் கொடுக்க வேறு பெல்ட்டை ஸ்டோரில் வாங்கி வைப்பது சண்டையைவிடச் சுலபம்.

டார்ச், ஸ்ட்ரெச்சர் பட்டை, காயக்கட்டு, நின்ற இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் ஏ.இ.டி. கருவியின் பேட் தேதி ஆகியவற்றை வேகமாகப் பாருங்கள். எடுத்த பொருளை எடுத்த இடத்திலேயே வையுங்கள். லாக்கர் கதவின் உட்பக்கம் எது எங்கே என்று படம் ஒட்டியிருந்தால் இருட்டிலும் கை தானாகப் போகும்.

10. பாதையையும் பாருங்கள்

வண்டி தயாரானாலும் பாதை அடைத்திருந்தால் என்ன பயன்? வளாகத்தைச் சுற்றி ஒரு நடை போங்கள். ஹைட்ரன்ட்டுக்கு முன்னால் பேலட், கன்டெய்னர் நிற்கிறதா? புதிதாகக் கட்டிய பைப் ரேக் தாழ்வாக இருக்கிறதா? தீயணைப்பு வண்டி நின்று வேலை செய்யும் பாதைக்கு 6 மீட்டர் அகலமும் தலைக்கு மேல் 4.5 மீட்டர் உயரமும் வேண்டும் என்கிறது சிங்கப்பூரின் தீப் பாதுகாப்பு விதித் தொகுப்பு.

இது நம் சின்ன வண்டிக்காக மட்டும் இல்லை. உண்மையான தீ என்றால் 995 அழைத்த பிறகு குடிமைத் தற்காப்புப் படையின் பெரிய வண்டிகள் இதே வாசலில் வரும். கார்டு ஹவுஸிலிருந்து யார் அவர்களை அழைத்து வருவது, எந்த வாசலைத் திறப்பது, எது எரிகிறது, யாரைக் காணவில்லை என்பதை யார் சொல்வது என்று ஷிஃப்ட் தோறும் ஒருவர் பெயர் பலகையில் இருக்க வேண்டும்.

11. பதிவும் ஒப்படைப்பும்

செக்லிஸ்ட்டை வண்டியின் பக்கத்தில் நின்றே நிரப்புங்கள். ஆபீஸுக்குப் போய் ஏசியில் உட்கார்ந்து நிரப்பும் தாளில் எல்லாமே டிக்காகத்தான் வரும். "சரி" என்று மட்டும் எழுதாமல் அளவை எழுதுங்கள்: வேக்குவம் ஐந்து நிமிடத்தில் எவ்வளவு இறங்கியது, உருளை எத்தனை பார், பேட்டரி எத்தனை வோல்ட். போன வார அளவோடு வைத்துப் பார்த்தால்தான் மெல்ல மெல்லக் கெடும் பம்ப் தெரியும்.

குறையுள்ள பொருளில் சிவப்பு அட்டை கட்டி, அட்டையில் என்ன குறை, யார் பார்த்தது, எந்தத் தேதி என்று எழுதுங்கள். லாக்கருக்குள் வைக்காமல் வெளியே எடுத்து வையுங்கள். இரவில் அலாரம் அடிக்கும்போது அட்டையைப் படிக்க யாருக்கும் நேரம் இருக்காது.

சாவி கொக்கியில், சார்ஜர் மாட்டியாகிவிட்டது, எஞ்சின் விசையைப் பம்புக்குக் கொடுக்கும் பி.டி.ஓ. விடுவிக்கப்பட்டது, கட்டை எடுத்தாகிவிட்டது. கண்ட்ரோல் ரூமுக்கு மறுபடி அழைத்து, இரண்டு வண்டியும் தயார் என்று சொல்லி, அவர்கள் பதிவு செய்த நேரத்தை நீங்களும் தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள். அடுத்த ஷிஃப்ட் தலைவர் வந்திருந்தால் அவரைப் பம்ப் பேனல் வரை கூட்டிப் போய், இந்த வாரம் மாறியிருப்பது என்ன என்று காட்டிவிட்டே கிளம்புங்கள்.